பொறுங்கக்கா எழுதிய இரண்டு வரி

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் அந்த அக்காவுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. மின்கட்டண ரசீதில் மட்டும்தான் அது புழங்கியது. யார் ஃபோன் செய்து "ஆச்சா?" என்று கேட்டாலும் அவர் சொல்வது "பொறுங்க" என்ற ஒரே வார்த்தை. கீழ்த்தளத்துச் சலவைக்கடைக்காரர் முதலில் அவரைப் பொறுங்கக்கா என்று கூப்பிட்டார். பிறகு தெரு முழுக்க அதையே பிடித்துக்கொண்டது. அக்காவும் மறுக்கவில்லை. மறுப்பதற்கும் தெம்பு வேண்டுமே.

வயது ஐம்பத்தொன்று. சலவைக்கடைக்கு மேலே, பதினெட்டுப் படி ஏறினால் அவருடைய அறை. இஸ்திரி போடும் சூடு தரை வழியாக ஏறிவரும். மழைக்காலத்தில் அது சுகம், மற்ற மாதங்களில் தண்டனை. முட்டி வலி வந்த பிறகு காலையில் ஒரு தரம் ஏறினால் சாயங்காலம் ஒரு தரம் இறங்குவதோடு சரி. நடுவில் டீ வேண்டுமானால் சலவைக்கடைக்காரர் படியில் நின்று குரல் கொடுத்து, மேலிருந்து கயிற்றில் வரும் கூடையில் ஃபிளாஸ்க்கை வைத்து அனுப்புவார்.

இந்தத் தொழிலுக்கு அவர் வந்ததே தற்செயல்தான். இருபத்துநான்கு வயதில் ஓர் அலுவலகத்தில் தட்டச்சு வேலை. கம்ப்யூட்டர் நின்றுபோனால் பழுது பார்க்கிறவர் வர மூன்று நாள் ஆகும். அந்த மூன்று நாளும் சும்மா உட்கார்ந்திருந்ததற்கு மேலதிகாரி இவரை முறைப்பார். ஒரு நாள் பொறுக்கமுடியாமல் திருப்புளி எடுத்துப் பெட்டியைத் திறந்துவிட்டார். உள்ளே ஒரு கேபிள் கழன்று கிடந்தது. அதைச் செருகினார், கம்ப்யூட்டர் எழுந்தது. "அன்னைக்கு அந்தக் கேபிள் கழலாம இருந்திருந்தா இந்நேரம் ஓய்வு வாங்கிட்டு வீட்டுல உக்காந்திருப்பேன்" என்று பிற்காலத்தில் சொல்வார். பிறகு ஒரு பழுதுபார்ப்பு நிறுவனத்தில் பதினான்கு வருடம். அது மூடப்பட்டபோது மிஞ்சிய சாமான்களைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். அக்காவுக்கு ஒரு டஜன் டிஸ்க் கார்டுகளும், அவற்றோடு வந்த ஒரு குறுந்தட்டும் கிடைத்தன. மின்சாரம் எகிறி, டிஸ்க்கைச் செருகும் இடம் கருகிப்போன கம்ப்யூட்டர்களில் மாற்றாகப் பொருத்தும் உள்ளங்கை அகல அட்டைகள் அவை. ஒவ்வொன்றாகப் பல வருடம் பயன்பட்டன.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை காது டாக்டரம்மா வந்தார். பின்தெருவில் குழந்தைகளின் கேட்கும் திறனைச் சோதிக்கும் நிலையம் நடத்துபவர். வாடகை வண்டியில் கொண்டுவந்த கம்ப்யூட்டரைத் தானே தூக்கிக்கொண்டு படியேறி, மூச்சு வாங்க மேஜை மேல் வைத்தார்.

"கரண்ட் எகிறிடுச்சு அக்கா. ஒரு புகை, அவ்வளவுதான். குழந்தைங்க விவரம் எல்லாம் வேற டிஸ்க்குல பத்திரமா இருக்கு. இதை மட்டும் உயிர் கொடுத்துத் தாங்க."

"எப்ப வேணும்?"

"வெள்ளிக்கிழமை இருபத்திரெண்டு குழந்தைங்க வர்றாங்க. ரெண்டு மாசம் காத்திருந்து வர்றவங்க."

"பொறுங்க. நாளைக்குச் சாயங்காலம் எடுத்துட்டுப் போங்க."

அக்கா கணக்குப்போட்டது சரிதான். கருகிய இடத்துக்குப் பதில் ஒரு கார்டு. டஜனில் மீதம் இருந்த கடைசிக் கார்டு அது. புது டிஸ்க் ஒன்று. பிறகு இயங்குதளத்தை முதலிலிருந்து போட வேண்டும். இயங்குதளத்துக்கு டிஸ்க்கோடு நேரடியாகப் பேசத் தெரியாது. நடுவில் நின்று, "இதை அங்கே எழுது, அதை இங்கே எடுத்து வா" என்று வேலை வாங்க ஒரு சின்ன நிரல் வேண்டும். அதற்குப் பெயர் டிரைவர். அக்காவின் கணவர் பஸ் டிரைவர். இருபத்தாறு வருடக் குடும்ப வாழ்க்கையில் இந்தச் சிலேடை தேய்ந்து ஓட்டையாகிவிட்டது.

குறுந்தட்டிலிருந்த டிரைவரைக் கொடுத்து வேலையை ஆரம்பித்தார். திரையில் நீலக்கோடு நகர்ந்தது. முப்பத்தேழு சதவீதத்தில் நின்றது. ஒரு கோப்பு பழுதாகியிருக்கிறது, படிக்க முடியவில்லை என்று செய்தி. சரி, சில நாளில் சில தட்டுக்கு வயிற்றுவலி என்று மறுபடி ஆரம்பித்தார். இந்த முறை அறுபத்தொன்றில் நின்றது, வேறொரு கோப்பில். மூன்றாம் முறை முழுதாக முடிந்தது. எழுந்து வந்த திரையில் பாதி எழுத்துகள் கட்டம் கட்டமாக இருந்தன. நான்காம் முறை எழவே இல்லை.

ஒரே இடத்தில் நின்றால் அது நோய். இடம் மாறி மாறி நின்றால் அதற்கு என்ன பெயர் என்று அக்காவுக்குத் தெரியவில்லை. இயங்குதளத் தட்டை மாற்றினார். கேபிளை மாற்றினார். மாலைக்குள் ஏழு தடவை நீலக்கோடு ஊர்ந்து ஊர்ந்து ஏழு இடத்தில் செத்தது. ஒவ்வொரு தடவையும் நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடமும் வேறு எதுவும் செய்ய முடியாது. பார்த்துக்கொண்டே இருக்கவும் வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பது போல.

வீட்டுக்குப் போனபோது கணவர் சாப்பாட்டை எடுத்து வைத்திருந்தார். விடியற்காலைப் பணி என்பதால் மதியம் தூங்கி எழுந்து மாலையில் சமைப்பது அவர் பொறுப்பு.

"என்ன, முகம் இப்படி இருக்கு?"

"டிரைவர் மக்கர் பண்ணுதுன்னு நினைக்கிறேன். இல்ல டிஸ்க்கா, ஒண்ணும் புரியல."

"என்னைத்தான் சொல்றியோன்னு பாத்தேன்" என்றார் அவர். இருவரும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் சொன்னார்: "பாப்பா ஃபோன் பண்ணினா. வீட்டு வரி ரசீது நகல் வேணுமாம்."

"எடுத்து வெக்கிறேன். நீங்களே கொடுத்துடுங்க."

பாப்பா என்பது கணவரின் தங்கை. நாற்பத்துநான்கு வயது. கல்யாணம் வேண்டாம் என்று முடிவெடுத்து, இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளித் தனியாக வீடு எடுத்து இருப்பவள். ஆனாலும் வீட்டில் இன்னும் பாப்பாதான். ஒரு காலத்தில் ஞாயிறு தவறாமல் வருவாள். அக்காவும் அவளும் அண்ணி நாத்தனார் என்பதைவிடக் கூட்டாளிகள் போல இருந்தவர்கள். ஐந்து வருடமாக அவள் அண்ணனுக்கு மட்டும்தான் ஃபோன் செய்கிறாள். அக்காவிடம் பேச வேண்டியிருந்தால் தேவைக்குப் பேசுவாள். "ரசீது இருக்கா அண்ணி?" "இருக்கு." அத்தோடு சரி.

காரணம் எல்லோருக்கும் தெரியும். பொது நூலகத்தில் புத்தகப் பட்டியலைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை பாப்பாவுடையது. பழைய அட்டைகளைப் பார்த்துப் பார்த்து எட்டு வருடத்தில் முப்பத்தோராயிரம் புத்தகங்களை ஏற்றியிருந்தாள். ஒரு நாள் பட்டியலைத் திறந்தால் நடுநடுவே வாய்க்கு வராத எழுத்துகள். ஒரு புத்தகத்தின் தலைப்பு இன்னொன்றின் ஆசிரியரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நகல் எடுத்து வைத்திருந்தார்கள், ஆனால் மூன்று மாதமாகக் கெட்டதையே ஒழுங்காக நகல் எடுத்திருந்தார்கள். விசாரணை நடந்தது. கம்ப்யூட்டரைப் பரிசோதித்து எழுதித் தரச் சொன்னது பொறுங்கக்காவை. அந்த நூலகத்தின் கம்ப்யூட்டர்களைப் பழுது பார்த்து வந்தது அவர்தான்.

அக்கா நேர்மையாகத்தான் சோதித்தார். மெமரியைச் சோதித்தார், நன்றாக இருந்தது. டிஸ்க்கைக் கழற்றித் தன் மேஜையில் மாட்டிச் சோதித்தார், அதுவும் நன்றாக இருந்தது. நாத்தனார் என்பதால் சாதகமாக எழுதினாள் என்று பேச்சு வந்துவிடக் கூடாது என்ற பயம் வேறு. இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார்: "கருவிகளில் பழுது எதுவும் இல்லை. முறையாக நிறுத்தாமல் அணைத்ததால், பயன்படுத்துபவரின் கவனக்குறைவால் நேர்ந்திருக்கலாம்."

'இருக்கலாம்' என்பதை யாரும் படிக்கவில்லை. பாப்பாவை வேலையை விட்டு அனுப்பவில்லை. வாசலில் பைகளை வாங்கி வைத்து எண் போட்ட வில்லை கொடுக்கும் இடத்தில் உட்காரவைத்தார்கள். அங்கேதான் இன்னும் இருக்கிறாள்.

புதன்கிழமை காலை அக்கா வேறு வழியில் போனார். இயங்குதளத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, டிஸ்க்கைத் தன் மேஜைக் கம்ப்யூட்டரில் மாட்டிப் பெரிய கோப்பு ஒன்றை எழுதித் திரும்பப் படித்து ஒப்பிட்டார். எழுத்து பிசகவில்லை. டிஸ்க் நல்லது. மெமரிச் சோதனையை ஓடவிட்டார். மதியம் வரை ஓடி, குறை எதுவும் இல்லை என்று சொன்னது. மின்சாரம் கொடுக்கும் பெட்டியை மாற்றிப் பார்த்தார். மறுபடி இன்ஸ்டால். ஐம்பத்திரண்டில் நின்றது.

நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். ஒவ்வொன்றும் தனியே கேட்டால் "நான் நல்லவன்" என்கிறது. எல்லாம் சேர்ந்து செய்கிற வேலை மட்டும் கெட்டுப்போகிறது. இதே வாக்கியத்தை எப்போதோ நினைத்தது போலிருந்தது. எப்போது என்று யோசிக்கவும் சோர்வாக இருந்தது.

காது டாக்டரம்மா ஃபோன் செய்தார். "ஆச்சா அக்கா?"

"பொறுங்க" என்றார். பிறகு முதல்முறையாக, "தெரியல டாக்டரம்மா. நாளைக்குச் சொல்றேன்" என்றும் சொன்னார்.

வியாழன் காலை, ஏதோ செய்ய வேண்டுமே என்று பெட்டியின் தூசியைத் தட்டினார். அதற்காக இரண்டு மெமரிப் பட்டைகளையும் கழற்றினார். ஒவ்வொன்றும் நான்கு ஜிபி. துடைத்துவிட்டு ஒன்றை மட்டும் செருகினார். இன்னொன்று மேஜை விளிம்பிலேயே கிடந்தது. அதை மறந்துவிட்டு இன்ஸ்டாலை ஆரம்பித்தார். முப்பது, அறுபது, தொண்ணூறு. முடிந்தது. திரை சுத்தமாக எழுந்தது. எல்லா எழுத்தும் எழுத்தாக இருந்தது.

அப்போதுதான் மேஜை விளிம்பில் கிடந்த பட்டையைப் பார்த்தார். ஓ, இதுதான் திருடனா? முதல் பட்டையைக் கழற்றிவிட்டு இதைச் செருகினார். இதிலும் நன்றாகவே முடிந்தது. இரண்டையும் சேர்த்துச் செருகினார். நாற்பத்துநான்கில் நின்றது.

ஃபிளாஸ்க் அனுப்ப வந்த சலவைக்கடைக்காரரிடம் கூடையை இறக்கிக்கொண்டே இதைச் சொன்னார். அவர் கீழிருந்து சிரித்தார். "இதுல என்ன அதிசயம் அக்கா? எங்க வீட்டுல என் சம்சாரமும் எங்கம்மாவும் அப்படித்தான். தனித்தனியா ரெண்டு பேரும் தங்கம். ஒரே சமையல்கட்டுல விட்டா பாத்திரம் பறக்கும்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே யோசித்தார். பட்டைகளில் குறையில்லை. செருகும் இடங்களிலும் குறையில்லை. மொத்தம் எட்டாகும்போதுதான் வம்பு. அப்படியானால் யாரோ நான்குவரைதான் எண்ணத் தெரிந்தவன் உள்ளே இருக்கிறான். சோதிக்காமல் மிஞ்சியிருந்தது கார்டும் அதன் டிரைவரும்தான்.

கார்டைத் தயாரித்த கம்பெனி எப்போதோ காணாமல் போயிருந்தது. பழைய டிரைவர்களைச் சேர்த்து வைக்கும் யாரோ ஒரு புண்ணியவானின் இணையப் பக்கத்தில் அதே கார்டுக்குப் புதிய டிரைவர் ஒன்று கிடைத்தது. கூடவே என்னென்ன மாற்றினோம் என்று ஒரு குறிப்பு. ஏழாவது வரியில் இருந்தது: நான்கு ஜிபிக்கு மேல் மெமரி உள்ள கம்ப்யூட்டர்களில் எழுதப்படும் தகவல் கெட்டுப்போகும் குறை சரிசெய்யப்பட்டது.

ஒரு தபால்காரருக்கு நான்காயிரம் வரைதான் எண் படிக்கத் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். நான்காயிரத்து ஐந்தாம் வீட்டில் போய் எடுக்க வேண்டிய கடிதத்தை அவர் ஐந்தாம் வீட்டில் எடுத்துக்கொண்டு போவார். தெருவில் நான்காயிரம் வீடு மட்டும் இருக்கிறவரை அவரைப் போல ஒழுங்கான ஆள் கிடையாது. தெரு நீண்ட அன்றிலிருந்து ஊரெல்லாம் தப்பான கடிதம். வீட்டைச் சோதித்தாலும் குறையில்லை, தபால்பெட்டியைச் சோதித்தாலும் குறையில்லை. அந்த டிரைவர் செய்துகொண்டிருந்தது இதைத்தான்.

புதிய டிரைவரைக் கொடுத்து, இரண்டு பட்டைகளோடும் போட்டார். முடிந்தது. பெரிய கோப்பை எழுதிப் படித்து ஒப்பிட்டார். ஐந்து முறையும் பிசகவில்லை. சந்தோஷப்பட வேண்டிய நேரம் அது. அக்கா அந்தக் குறிப்பின் தேதியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அலமாரியில் வேலைப் பதிவு நோட்டுகள் வருட வாரியாக இருந்தன. ஐந்து வருடத்துக்கு முந்தையதை எடுத்தார். தேட நேரமாகவில்லை. நூலகத்துக் கம்ப்யூட்டரில் அதே கார்டு. அதற்கு முன் மூன்று வருடம் ஒரு தொந்தரவும் இல்லை. பிறகு அவருடைய சொந்தக் கையெழுத்தில்: "பட்டியல் பிரிவு. வேகம் குறைவு என்று புகார். மெமரி நான்கிலிருந்து எட்டாகக் கூட்டியது."

புகார் சொன்னது யார் என்று நோட்டில் இல்லை. அக்காவுக்கு ஞாபகம் இருந்தது. ஒரு ஞாயிறு மதியம் சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு பாப்பா சொன்னது. "ரொம்ப ஆமை வேகம் அண்ணி. ஒரு பேரைத் தட்டிட்டு டீ குடிச்சுட்டு வரலாம். ஏதாவது பண்ணுங்களேன்." மறுநாளே போய்ச் செய்துகொடுத்தார். அந்த வாரத்திலிருந்து பட்டியல் கெட்டது தெரியவந்த நாள்வரை மூன்று மாதம். சரியாக மூன்று மாதம்.

சரிசெய்யப்பட்ட டிரைவர் அதற்கு ஒரு வருடம் முன்பே வெளியாகியிருந்தது. அவர் தேடிப் பார்க்கவில்லை. குறுந்தட்டில் இருந்ததே போதும் என்று இருந்துவிட்டார்.

மாலையில் காது டாக்டரம்மா வந்து கம்ப்யூட்டரை வாங்கிக்கொண்டு கையைப் பிடித்து நன்றி சொன்னார். அக்கா "சரி, சரி" என்றார். அதன்பிறகு நோட்டைப் பார்த்து, அதே கார்டு போட்ட மற்ற இடங்களுக்கெல்லாம் ஃபோன் செய்தார். பெரும்பாலான இடங்களில் அந்தக் கம்ப்யூட்டரையே தூக்கிப் போட்டிருந்தார்கள். ஓர் இடத்தில் இன்னும் ஓடியது, நல்லவேளையாக நான்கிலேயே.

வீட்டில் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவர் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டுவிட்டார்.

"அப்ப அவ பண்ணல."

"பண்ணல. நான்தான் பண்ணினேன்."

"நீ வேணும்னு பண்ணலையே."

"அவளும் வேணும்னு பண்ணினான்னு யாரும் சொல்லலையே. கவனக்குறைவுன்னுதானே எழுதினேன்? அது யாரோட கவனக்குறைவு?"

"இப்பப் போய்க் கிளறணுமா?" என்றார் அவர். கேட்டதும் அவருக்கே வெட்கமாகிவிட்டது. "இல்ல, கிளறணும். சொல்லணும். நானும் வரட்டா?"

"வேண்டாம். நீங்க வந்தா உங்களைப் பாத்துப் பேசுவா."

சனிக்கிழமை காலை அக்கா நூலகத்துக்குப் போனார். ஐந்து வருடமாக அந்தப் படியை மிதிக்கவில்லை. பை வைக்குமிடம் வாசலுக்கு இடப்பக்கம், மாடிப்படியின் அடியில், நிமிர்ந்தால் தலை இடிக்கும் ஓர் இடம். மர அலமாரியில் எண் போட்ட அறைகள். பாப்பா ஒரு மாணவியிடம் பையை வாங்கி அறுபத்துமூன்றாம் வில்லையைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அக்காவைப் பார்த்ததும் பழக்கத்தில் கையை நீட்டினாள். அக்காவும் பழக்கத்தில் பையைக் கொடுத்துவிட்டார்.

"ரசீது அண்ணன் கொடுத்துட்டாரு அண்ணி."

"அதுக்கு வரல. பேசணும்."

"இங்கேயா?"

"எங்கே வேணா. உனக்கு எப்ப முடியும்?"

பாப்பா உள்ளே இருந்த இன்னொரு முக்காலியை இழுத்துப் போட்டாள். "இடத்தை விட்டு நகர முடியாது. உக்காருங்க. தலையைப் பாத்து."

அக்கா சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. கார்டு, டிரைவர், நான்கு, எட்டு, தேதி. நடுவில் இரண்டு பேர் பையோடு வந்தார்கள், ஒருவர் வில்லையோடு வந்தார். பாப்பா வாங்கினாள், கொடுத்தாள், மறுபடி திரும்பினாள். அவள் முகத்தில் எதுவும் தெரியவில்லை. முடித்தபோது அக்கா, "உன் மேல தப்பே இல்ல. நான் எழுதினது தப்பு. மன்னிச்சுக்கோன்னு கேக்கறதுக்குக்கூட எனக்கு வாய் வரல" என்றார்.

பாப்பா சற்று நேரம் வில்லைகளை வரிசைப்படுத்தினாள்.

"நான்தான் பண்ணினேன் அண்ணி" என்றாள்.

"இல்லம்மா. அதைத்தானே இவ்வளவு நேரம்..."

"இருங்க. நான் சொல்றதைக் கேளுங்க. முதல்ல ஒரு வருஷம் நான் பண்ணலன்னுதான் இருந்தேன். நீங்க எழுதினதைப் படிச்சு அழுதேன். அப்புறம் யோசிச்சேன். அண்ணிக்குத் தெரியாததா? அவங்க சோதிச்சுட்டுத்தானே சொல்றாங்க? அப்ப நான் என்னைக்கோ பண்ணியிருக்கணும். எந்த நாள்? தேடித் தேடி ஒரு நாளைப் பிடிச்சேன். ஒரு புதன்கிழமை. எனக்குத் தலைவலி, மழை வேற வர மாதிரி இருந்துச்சு, பஸ்ஸைப் பிடிக்கணும்னு ஓடினேன். அன்னைக்கு நிறுத்தாம அப்படியே சுவிட்சை அணைச்சிருக்கேன். என் விரல் சுவிட்ச் மேல இருக்கறது கண்ணுல தெரியுது. இப்பவும் தெரியுது." அவள் ஆள்காட்டி விரலை நீட்டிப் பார்த்தாள். "நாலு வருஷமா அந்தப் புதன்கிழமையோட இருக்கேன். இப்ப நீங்க வந்து அது நடக்கலங்கறீங்க. அதை நான் என்ன பண்றது?"

அக்கா முக்காலியை அவள் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

"அன்னைக்கு எழுதறதுக்கு முன்ன ஒரு ஃபோன் பண்ணி, 'பாப்பா, நீ அப்படி அணைச்சியா?'ன்னு நீங்க கேக்கல. அதுதான். மத்தது எல்லாம் மெஷின். மெஷின் தப்பு பண்ணும். நீங்க என்னைக் கேக்காமலே எழுதினீங்க."

"கேட்டா, சொந்தக்காரின்னு நீ சொல்றதை நம்பிடுவேனோன்னு பயந்தேன்."

"நம்பியிருக்கலாமே" என்றாள் பாப்பா. குரல் உயரவில்லை. ஒரு பெரியவர் வில்லையை நீட்டினார். அவள் எழுந்து, தலையை லாகவமாகக் குனிந்து, அவருடைய குடையையும் பையையும் எடுத்துக் கொடுத்தாள். திரும்ப வந்து, "போங்க அண்ணி. எனக்கு இப்ப எதுவும் சொல்ல வரல. களைப்பா இருக்கு" என்றாள்.

அக்கா அங்கிருந்து நேராக மாடிக்குப் போனார். இப்போதிருந்த நூலகர் புதியவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"அஞ்சு வருஷம் ஆச்சேம்மா. பட்டியலைத் திரும்ப ஏத்தியாச்சு. அந்த மெஷினும் இல்ல. இப்ப இதை வெச்சு என்ன செய்யறது?"

"மெஷினுக்காக வரல சார். உங்க கோப்புல நான் எழுதின ஒரு காகிதம் இருக்கும். அது தப்பு. சரியான காகிதம் ஒண்ணு தரேன். அதுக்குப் பக்கத்துல இதையும் வெச்சிடுங்க."

"உங்க தப்புன்னு நீங்களே எழுதிக் கொடுக்கறீங்க. நாளைக்கு வேற வேலைக்கு உங்களைக் கூப்பிடுவமா?"

"கூப்பிடாட்டி பரவாயில்ல சார்."

முதல் அறிக்கை இரண்டு வரி. இது மூன்று பக்கம் வந்தது. மெமரி கூட்டிய தேதி, டிரைவரின் பதிப்பு எண், ஏழாவது வரியின் நகல், காது டாக்டரம்மாவின் கம்ப்யூட்டரில் செய்த சோதனைகள், எல்லாம். கடைசியில் "பட்டியல் பிரிவு ஊழியரின் தவறு எதுவும் இல்லை" என்று எழுதி அடிக்கோடு போட்டார். 'இருக்கலாம்' என்ற சொல் எங்கும் வராமல் பார்த்துக்கொண்டார். கையெழுத்துப் போடும்போது கை வலித்தது.

ஐந்து வாரம் ஒரு தகவலும் இல்லை. அக்கா தினமும் பதினெட்டுப் படி ஏறினார், இறங்கினார். கணவர் தங்கையோடு ஃபோனில் பேசும்போது அக்கா பக்கத்து அறையில் துணி மடிப்பார். ஆறாவது வாரம் கணவர் வந்து சொன்னார்: "அவளைத் திரும்பப் பட்டியல் பிரிவுக்குக் கூப்பிட்டிருக்காங்களாம். பழைய குறிப்பை நீக்கிட்டதா கடுதாசி கொடுத்தாங்களாம்."

"என்ன சொன்னா?"

"போறதா வேண்டாமான்னு தெரியலன்னு சொன்னா. அங்க வாசல்ல யாரும் எதுவும் கேக்க மாட்டாங்களாம். நிம்மதியாத்தான் இருந்துச்சாம்."

கடைசியில் போனாள். போன மூன்றாம் நாள் அக்காவின் ஃபோன் அடித்தது. திரையில் பாப்பாவின் எண்ணைப் பார்த்த அக்கா இரண்டாம் மணி அடிப்பதற்குள் எடுத்தார்.

"அண்ணி, நான் இல்லாதப்ப யாரோ திரும்ப ஏத்தியிருக்காங்க பாருங்க, அநியாயம். சமையல் புத்தகத்தைக் கொண்டுபோய் வேதியியல்ல போட்டிருக்காங்க. ஒரே ஆளை மூணு விதமா எழுதியிருக்காங்க. அடிச்சவங்களுக்குப் படிக்கத் தெரியுமா தெரியாதா?"

"எத்தனை அப்படி இருக்கு?"

"ஒரு அலமாரிக்கே நூத்திப்பதினேழு. இன்னும் நாப்பது அலமாரி இருக்கு."

"மெதுவா பண்ணு."

"மெதுவாத்தான் முடியும். கண்ணு முன்ன மாதிரி இல்ல" என்றாள். பிறகு, "சரி, வெக்கிறேன்" என்று வைத்துவிட்டாள்.

மறுநாளும் ஃபோன் வந்தது. அதற்கடுத்த நாளும். பிழைகளின் எண்ணிக்கையும் அடித்தவர்கள் மீது வசவும்தான். வேறு எதையும் அவள் பேசவில்லை. அந்தப் புதன்கிழமையைப் பற்றி இருவரும் மறுபடி பேசவே இல்லை. அக்கா திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டார். வாடிக்கையாளர் காத்திருந்தால் காத்திருந்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிறு மதியம் பாப்பா வீட்டுக்கு வந்தாள். வருகிறேன் என்று முன்கூட்டிச் சொல்லவில்லை. கணவர் அவசரமாக இன்னொரு தட்டு வைத்தார். சாப்பிட்டார்கள். பஸ்ஸில் கூட்டம், வெயில், தண்ணீர் வராதது என்று பேச்சு ஓடியது. சாப்பிட்ட பிறகு பாப்பா சோபாவில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் அண்ணனோடு பேசினாள். ஆறாவது நிமிடம் வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிப்போனாள். கணவர் டிவியின் ஒலியைக் குறைத்தார். அக்கா பாத்திரங்களைச் சத்தம் வராமல் ஒவ்வொன்றாகத் தொட்டியில் வைத்தார்.